சிறு ஊர்க் கழிவுநீர் நிலையம்: அறிகுறியை வைத்துப் பழுதைப் பிடிப்பது எப்படி?

நான் பார்த்துக்கொள்ளும் நிலையம் சின்னது. 130 வீடுகள், ஒரு பள்ளிக்கூடம். தெருக் குழாய்களில் வரும் கழிவுநீர் ஒரு சேகரிப்புக் கிணற்றில் விழுகிறது. அங்கிருந்து நீர்மூழ்கிப் பம்ப் ஏற்றிவிட, காற்று ஊதும் ஏரேஷன் தொட்டி, கசடு (அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்த் திரள்) அடியில் தங்கும் படிவுத் தொட்டி, கிருமியைக் கொல்லும் குளோரின் தொட்டி என்று கடந்து வெளியே போகிறது. ஷிப்டுக்கு இத்தனை பேர், தனி ஆய்வகம் என்பதெல்லாம் இங்கே இல்லை. ஒருவர், சில நாள் இருவர். உங்கள் ஊர் நிலையமும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும் என்று நினைத்து எழுதுகிறேன்.

திரும்பத் திரும்ப வரும் பழுதுகள் ஏழெட்டுதான். ஆனால் அவற்றைச் சரிசெய்ய நான் செலவழித்த நேரத்தில் பாதிக்கு மேல் தப்பான இடத்தில் தேடியதில் போனது. படிவுத் தொட்டியில் கசடு மிதந்தால் அந்தத் தொட்டியையே பார்த்துக்கொண்டு நிற்போம். காரணமோ, ஏரேஷன் தொட்டிக்குக் காற்று ஊதும் புளோயரில், போன வாரம் தூசி அடைத்துப்போன வடிகட்டியாக இருக்கும். பழுது தெரிகிற இடம் ஒன்று, பிறந்த இடம் வேறு; பெரும்பாலும் அது நீர் வந்த வழியில் மேலே இருக்கிறது. எனவே ஒவ்வொரு அறிகுறிக்கும் கண்ணாலும் கையாலும் பார்க்கக்கூடியதை முதலில் சொல்கிறேன். செலவு வைக்கும் வேலை கடைசியில்.

எதையும் திறக்கும் முன்

மேன்ஹோலுக்குள்ளோ கிணற்றுக்குள்ளோ யாரும் இறங்கக் கூடாது. பம்ப் சங்கிலி அறுந்தாலும், கருவி உள்ளே விழுந்தாலும், "ஒரு நிமிஷ வேலைதான்" என்று யார் சொன்னாலும் கூடாது. உள்ளே தங்கும் ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது. கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை போல நாறும். 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவை நெருங்கும்போது மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் இல்லை என்பதை வைத்து உள்ளே காற்று நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்ய முடியாது. அதற்கும் மேல் அளவு கூடினால் ஓரிரு மூச்சிலேயே ஆள் சாய்ந்துவிடுவார். அவரைத் தூக்கப் பின்னாலேயே இறங்குபவரும் திரும்புவதில்லை. இப்படி ஒரே குழியில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து உயிர்விடுவது இன்னும் நடக்கிறது.

இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால் அது பயிற்சி பெற்ற குழுவின் வேலை. ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்கிறதா என்று காட்டும் வாயுமானி, காற்று ஊதும் விசிறி, இடுப்புக் கச்சை, மேலே இழுக்கும் முக்காலி எல்லாம் அவர்களிடம் இருக்க வேண்டும். நீங்களும் நானும் செய்வது அத்தனையும் மேலே நின்றபடி, கயிறு, கொக்கி, சங்கிலி, பிரம்பு (குழாய் அடைப்பைக் குத்தி நீக்கும் நீளக் கம்பு) வைத்துச் செய்யும் வேலை. மூடியைத் திறந்தால் காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கம் நில்லுங்கள், நெருப்பு கிட்டே வேண்டாம், மீத்தேனும் இருக்கும்.

மின்சாரத்துக்கும் இதே கண்டிப்பு வேண்டும். பம்பையோ புளோயரையோ தொடும் முன் மெயினை அணைத்து, பெட்டியைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். நீர் ஏறும்போது மிதந்து புரண்டு பம்பை ஓட்டும் மிதவை சுவிட்ச் உள்ள மோட்டார் எந்த நொடியிலும் தானாக ஓடத் தொடங்கும்.

அறிகுறி 1: மேன்ஹோல் வழிகிறது, வீட்டுக்குள் கழிவுநீர் திரும்புகிறது

முதல் கேள்வி: எத்தனை வீடு?

*ஒரே வீட்டில் மட்டும் என்றால்*

அடைப்பு அந்த வீட்டின் இணைப்புக் குழாயில். வீட்டு வாசலில் உள்ள சேம்பரைத் திறந்து பாருங்கள். சேம்பர் காலியாக இருந்தால் அடைப்பு வீட்டுக்குள். நிரம்பியிருந்தால் சேம்பருக்கும் தெருவுக்கும் இடையில். துணி, நாப்கின், ஈரத் துடைப்புத் தாள், கெட்டியான எண்ணெய், இந்த நான்கில் ஒன்றுதான் பெரும்பாலும் வெளியே வரும். "தண்ணீரில் கரையும்" என்று எழுதி விற்கும் துடைப்புத் தாளும் குழாயில் கரைவதில்லை. கம்பி விட்டு எடுத்துவிடலாம்.

*ஒரு தெரு அல்லது ஒரு வரிசை என்றால்*

நீர் போகும் திசையில் மேன்ஹோல்களை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே நடங்கள். நிரம்பி நிற்கும் கடைசி மேன்ஹோலுக்கும், காலியாகவோ மெல்ல ஓடிக்கொண்டோ இருக்கும் அடுத்ததற்கும் இடையில் அடைப்பு. கீழே உள்ள காலி மேன்ஹோலிலிருந்து மேல்நோக்கிப் பிரம்பைச் செலுத்துங்கள். அங்கே வாயில் ஒரு கம்பிக் கூடையைத் தொங்கவிட்டால் வருவதைப் பிடித்துவிடலாம். இல்லாவிட்டால் அந்தத் துணி மூட்டை நேராகப் பம்புக்குப் போகும், நாளைக்கு அடுத்த அறிகுறியில் சந்திப்பீர்கள்.

அடைப்பு நீங்கிய பின் வெளியே வந்தது என்ன என்று பாருங்கள். எண்ணெய்க் கட்டி என்றால் சமையலறைகளில் எண்ணெயைத் தடுத்து நிறுத்தும் எண்ணெய்ப் பொறி இருக்கிறதா என்று கேட்க வேண்டும். வேர் என்றால் குழாய் மூட்டு விரிந்திருக்கிறது. மணலும் சிறு கல்லும் என்றால் குழாய் எங்கோ உடைந்து மண் உள்ளே வருகிறது.

ஒரே இடத்தில் மூன்று மாதத்துக்குள் மூன்றாவது முறை அடைத்தால் பிரம்பை வைத்துவிடுங்கள். குழாய் தொய்ந்திருக்கும் அல்லது உடைந்திருக்கும். கேமரா விட்டுப் பார்ப்பவரை அழைக்கும் நேரம் அதுதான்.

*தாழ்வான வீடுகள் எல்லாவற்றிலும் என்றால்*

குழாயை விட்டுவிட்டுக் கிணற்றுக்கு ஓடுங்கள்.

அறிகுறி 2: சேகரிப்புக் கிணற்றில் மட்டம் ஏறிக்கொண்டே போகிறது

*பம்ப் ஓடவே இல்லை*

மின்சாரம் இருக்கிறதா, மூன்று பேஸும் வருகிறதா, ஸ்டார்ட்டர் டிரிப் ஆகியிருக்கிறதா, இந்த வரிசையில் பாருங்கள். டிரிப் ஆகியிருந்தால் ஒரே ஒரு முறை ரீசெட் செய்யுங்கள். உடனே மறுபடி விழுந்தால் திரும்பத் திரும்ப அழுத்தாதீர்கள். ஓவர்லோட் ரிலே மோட்டார் காயிலைக் காப்பாற்றுவதற்காகவே விழுகிறது. விடாமல் அழுத்தினால் ஒரு துணியை எடுத்துப்போட்டால் தீர்ந்திருக்கும் வேலை ரீவைண்டிங்கில் போய் முடியும்.

ஸ்டார்ட்டர் சரியாக இருந்தும் ஓடவில்லை என்றால் சுவிட்சை ஆட்டோவிலிருந்து மேனுவலுக்கு மாற்றுங்கள். மேனுவலில் ஓடினால் பம்பில் குறையில்லை, மிதவையைப் பாருங்கள்.

இந்த மிதவை பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நடுராத்திரி அழைப்புகளில் எனக்கு அதிகம் வந்தது இதுதான். ஒரு முறை கிணறு விளிம்பு வரை வந்துவிட்டது. பம்ப் எரிந்துவிட்டது என்றே நினைத்து மாற்றுப் பம்ப் தேடத் தொடங்கியிருந்தோம். டார்ச் அடித்துப் பார்த்தால் மிதவையின் கேபிள் சங்கிலியில் ஒரு சுற்றுச் சுற்றியிருந்தது. மிதவையைச் சுற்றிலும் சாம்பல் நிறத்தில் கெட்டியான கொழுப்பு, இரண்டு கைக்கும் அடங்காத பருமனில். அத்தனை பாரத்தோடு அது எப்படிப் புரளும்? நீளக் கம்பால் கேபிளை விலக்கி, குழாய் நீரைப் பீய்ச்சிக் கொழுப்பைத் தட்டிவிட்டதும் பம்ப் தானாக ஓடியது. அன்று முதல் வாரம் ஒரு நாள் மிதவைகளைக் கழுவுகிறேன். கேபிளைச் சங்கிலியிலிருந்து தள்ளித் தனிக் குழாயில் கட்டியிருக்கிறேன். அதன்பின் இந்தப் பழுது வெகுவாகக் குறைந்துவிட்டது.

*உறுமுகிறது, சுற்றவில்லை*

சிங்கிள் பேஸ் பம்ப் என்றால் கெப்பாசிட்டர் போயிருக்கலாம். எலக்ட்ரீசியன் சிறிது நேரத்தில் மாற்றிவிடுவார். மூன்று பேஸ் என்றால் ஒரு பேஸ் விட்டுப்போயிருக்கலாம்; உடனே அணையுங்கள். இரண்டும் இல்லையென்றால் நீரைத் தள்ளும் சுழல் சக்கரமான இம்பெல்லரில் துணி சுற்றியிருக்கிறது. மெயினைப் பூட்டிவிட்டு, சங்கிலியால் பம்பை மேலே தூக்கி, கொக்கிக் கம்பியால் இழுத்தெடுங்கள். கை விடாதீர்கள். உடைந்த பிளேடும் ஊசியும் உள்ளே இருக்கும்.

*ஓடுகிறது, மட்டம் இறங்கவில்லை*

கிளாம்ப் மீட்டர் (கம்பியைச் சுற்றிப் பிடித்து மின்னோட்டத்தை அளக்கும் கருவி) இருந்தால் ஆம்பியரைப் பாருங்கள். இல்லையென்றால் வாங்கி வையுங்கள், இந்த வேலையில் அதைவிடப் பயனுள்ள கருவி குறைவு. மோட்டார் பெயர்ப்பலகையில் உள்ளதைவிட ஆம்பியர் கூடுதலாக இருந்தால் இம்பெல்லர் சிக்கியிருக்கிறது, அல்லது பேரிங் தேய்ந்திருக்கிறது. வழக்கத்தைவிட மிகவும் குறைவாக இருந்தால் பம்ப் நீரைத் தள்ளவில்லை: வெளியேறும் வால்வு மூடியிருக்கும், நீரைத் திரும்ப விடாத நான்-ரிட்டன் வால்வு ஒட்டிக்கொண்டிருக்கும், அல்லது பம்புக்குள் காற்று அடைத்திருக்கும். காற்று அடைப்பு என்றால் பம்பை நிறுத்தி, ஒரு அடி தூக்கி, திரும்ப இறக்கிப் பாருங்கள். பல நேரம் அதுவே போதும்.

மின்கம்பியிலோ டிரான்ஸ்ஃபார்மரிலோ வேலை நடந்த மறுநாள் இது வந்தால் வேறெதையும் தேடாதீர்கள். இரண்டு பேஸ் இடம் மாறி, பம்ப் எதிர்த்திசையில் சுற்றுகிறது. சத்தமும் அதிர்வும் வித்தியாசமாக இருக்கலாம், நீர் கொஞ்சமாகத்தான் வரும். மூன்று கம்பிகளில் ஏதேனும் இரண்டை எலக்ட்ரீசியன் மாற்றிப் போட்டால் தீர்ந்தது.

இவை எதுவும் இல்லையென்றால் பம்ப் தேய்ந்திருக்கிறதா என்று அளந்து பாருங்கள். 2 மீட்டர் விட்டமுள்ள வட்டக் கிணற்றில் 10 சென்டிமீட்டர் நீர் என்பது ஏறக்குறைய 314 லிட்டர். பம்ப் ஓடும்போது ஒரு நிமிடத்தில் மட்டம் எவ்வளவு இறங்குகிறது, நின்றபின் ஒரு நிமிடத்தில் எவ்வளவு ஏறுகிறது, இரண்டையும் கூட்டினால் பம்ப் தள்ளும் அளவு கிடைத்துவிடும். பம்ப் புதிதாக இருந்தபோது எடுத்த கணக்கு உங்களிடம் இருந்தால் ஒரே பார்வையில் தெரியும். இல்லையென்றால் இன்றைக்கே எடுத்து எழுதிவையுங்கள்.

*நிமிடத்துக்கு நிமிடம் ஓடி ஓடி நிற்கிறது*

பம்ப் நின்றவுடன் காதைக் கொடுங்கள். குழாயில் நீர் திரும்பி இறங்கும் சத்தம் கேட்டால், ஏற்றிய நீரே நான்-ரிட்டன் வால்வு வழியாகத் திரும்ப வருகிறது. வால்வைத் திறந்து சுத்தம் செய்யுங்கள். ஒரு சின்ன கந்தல் போதும், அது மூடாமல் போக.

மோட்டாரின் இன்சுலேஷன் சோதனையில் 1 மெகாஓமுக்குக் கீழே காட்டினால், எண்ணெய் அறையில் நீர் கலந்து பால் போலிருந்தால், கேபிள் உறை கிழிந்திருந்தால் அங்கேயே நிறுத்திப் பம்பைப் பட்டறைக்கு அனுப்புங்கள்.

அறிகுறி 3: தாங்க முடியாத நாற்றம்

நன்றாக ஓடும் ஏரேஷன் தொட்டிக்கும் ஒரு வாசனை உண்டு. ஈரமண் போல இருக்கும், முகம் சுளிக்க வைக்காது. அது மாறும்போது கவனியுங்கள்.

*வீட்டுக்குள் மட்டும் நாறுகிறது:* பயன்படுத்தாத குளியலறையின் தரைப்பொறியில் (நாற்றம் மேலே வராமல் நீர் தடுத்து நிற்கும் வளைவு) நீர் வற்றியிருக்கும். ஒரு வாளி நீர் ஊற்றுங்கள். அடுத்த நாளும் நாறினால் கூரை மேலுள்ள காற்றுக் குழாய் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

*கிணற்றருகே அழுகிய முட்டை நாற்றம்:* கழிவுநீர் வெகுநேரம் தேங்குகிறது. மிதவைகளின் உயரம் அதிகமாக வைத்திருக்கிறார்களா, மேலே கொழுப்புப் பாலம் கட்டியிருக்கிறதா, அடியில் மணல் குவிந்திருக்கிறதா என்று பாருங்கள். பம்ப் தொடங்கும் மட்டத்தைக் கொஞ்சம் இறக்கி வைத்தாலே நீர் சீக்கிரம் வெளியேறும். மணலை எடுக்க உறிஞ்சு லாரி வேண்டும்.

*ஏரேஷன் தொட்டியில் நாற்றம்:* காற்றுக் குறைவு. அடுத்த அறிகுறிக்குப் போங்கள்.

அறிகுறி 4: ஏரேஷன் தொட்டி கறுத்துவிட்டது, அல்லது குமிழி ஒரே சீராக இல்லை

நல்ல கசடு காப்பிப்பொடி நிறத்தில் இருக்கும். சாம்பலாகிக் கறுத்தால் உள்ளே உள்ள நுண்ணுயிர்களுக்கு மூச்சுத் திணறுகிறது என்று பொருள். கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவில் இருந்தால் நிம்மதி. தொடர்ந்து 1-க்குக் கீழே போனால் மற்ற எல்லாக் கோளாறுகளும் வரிசையாக வரும்.

புளோயர் வடிகட்டியைக் கழற்றித் தட்டுங்கள். பெல்ட்டை நடுவில் அழுத்திப் பாருங்கள், தளர்ந்திருக்கிறதா? ஓட்ட நேரத்தை டைமர் தீர்மானிக்கிறது என்றால், நீண்ட மின்வெட்டுக்குப் பின் அதன் கடிகாரம் பிசகியிருக்கும். இதைப் பார்க்காமலே பலர் புளோயரைப் பிரித்துவிடுகிறார்கள்.

புளோயர் சரி, ஆனாலும் காற்று போதவில்லை என்றால் அழுத்தமானியைப் பாருங்கள். அழுத்தம் வழக்கத்தைவிட ஏறியிருந்தால் தொட்டி அடியில் காற்றைக் குமிழியாக விடும் டிஃப்யூசர்கள் அடைத்திருக்கின்றன. பாதுகாப்பு வால்வு சீறிக்கொண்டிருக்கும். அழுத்தம் இறங்கியிருந்தால் காற்று எங்கோ தப்புகிறது. தொட்டி மேல்பரப்பைக் கொஞ்சம் நேரம் நின்று பாருங்கள். ஒரு மூலையில் மட்டும் பெரிய கொதிப்புப் போல எழும்பி, மற்ற இடம் அசையாமல் கிடந்தால் அந்தக் கொதிப்புக்கு நேர் கீழே டிஃப்யூசர் கிழிந்திருக்கிறது அல்லது கழன்றிருக்கிறது. தூக்கி எடுக்கும் வகையில் குழாய் அமைத்திருந்தால் நீங்களே மாற்றலாம். தரையோடு பதித்திருந்தால் தொட்டியைக் காலி செய்ய வேண்டியிருக்கும். அது ஒப்பந்தக்காரருடன் திட்டமிட்டுச் செய்யும் வேலை. ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: புளோயர் ஓடும்போது எல்லாக் காற்று வால்வுகளையும் ஒரே நேரத்தில் மூடவே கூடாது.

காற்றில் எந்தக் குறையும் இல்லை, ஆனாலும் ஒரே நாளில் கறுத்துவிட்டதா? இரவில் யாராவது செப்டிக் டேங்க் லாரியை மேன்ஹோலில் கொட்டியிருக்கிறார்களா என்று விசாரியுங்கள். அந்தக் கசடு ஊர்க் கழிவுநீரைவிடப் பல மடங்கு கெட்டி. சின்ன நிலையத்தை ஒரே லோடு கவிழ்த்துவிடும். வேறு வழியில்லை, சில நாட்கள் புளோயரை முழுநேரமும் ஓட்டிப் பொறுத்திருக்க வேண்டும். அப்புறம் சாலையோர மேன்ஹோல் மூடிகளுக்குப் பூட்டு.

அறிகுறி 5: நுரை

*வெள்ளை நுரை, சோப்பு நுரை போல மேலெழும்புகிறது:* கசடு இளசாக இருக்கிறது. புதிதாக ஓட்டத் தொடங்கிய நிலையத்திலும், கசடை அளவுக்கு மேல் வெளியேற்றிய பின்பும், மழை அடித்துக்கொண்டு போன பின்பும் இது வரும். கசடு வெளியேற்றுவதை நிறுத்திவையுங்கள். தண்ணீர் தெளித்தால் நுரை அடங்கும்.

*பழுப்பு நிறம், எண்ணெய்ப் பசையோடு தடித்த ஏடு:* கசடு முதிர்ந்துவிட்டது, கொழுப்பும் அதிகமாக வருகிறது. ஏட்டை வாரி வெளியே எடுத்துவிடுங்கள், திரும்பத் தொட்டிக்குள் தள்ளாதீர்கள். கசடு வெளியேற்றும் அளவை 10 சதவீதம்போலக் கூட்டிவிட்டு இரண்டு வாரமாவது காத்திருங்கள். இந்த வகை நிலையத்தில் கசடு 20, 30 நாள் தொட்டியில் சுற்றிக்கொண்டிருக்கும். இன்று செய்த மாற்றம் நாளைக்கே கண்ணில் தெரியாது. தெரியவில்லையே என்று மறுநாளும் கூட்டினால் அடுத்த மாதம் வெள்ளை நுரையோடு நிற்க வேண்டியிருக்கும்.

அறிகுறி 6: வெளியேறும் நீர் கலங்கல், படிவுத் தொட்டியில் கசடு மிதக்கிறது

இங்கேதான் ஆளாளுக்கு ஒரு மருந்து சொல்வார்கள். பாக்டீரியாப் பொடி வாங்கச் சொல்வார்கள், குளோரின் கொட்டச் சொல்வார்கள். எதையும் செய்யும் முன் ஒரு ஜாடியை எடுங்கள்.

ஒரு லிட்டர் அளவுக் கோடுகள் உள்ள, வாய் அகன்ற கண்ணாடி ஜாடி. புளோயர் ஓடிக்கொண்டிருக்கும்போது ஏரேஷன் தொட்டி வெளியேறும் பக்கத்தில், மேல் நுரையை விலக்கி அரை மீட்டர் ஆழத்திலிருந்து எடுங்கள். உடனே ஜாடியில் ஊற்றி, வெயில் படாத, அதிராத இடத்தில் வைத்து, முட்டி போட்டு உட்கார்ந்து பாருங்கள். நல்ல கசடு முதல் இரண்டு நிமிடத்தில் திரிதிரியாகச் சேரும். அப்புறம் ஒரு போர்வையை மெல்ல இறக்குவது போல மொத்தமாக இறங்கும். மேலே நிற்கும் நீர் வழியாக மறுபக்கத்துக் கைரேகை தெரியும். 5 நிமிடத்தில் ஒரு அளவு, 30 நிமிடத்தில் ஒரு அளவு எழுதுங்கள். ஜாடியைக் கொட்டிவிடாமல் இரண்டு மணி நேரம் அப்படியே விடுங்கள்.

*நன்றாகப் படிந்து, ஒன்றிரண்டு மணி நேரத்தில் கட்டியாக மேலே எழும்புகிறது*

ஒரு குச்சியால் தட்டுங்கள். குமிழிகள் வெளியேறி அது திரும்ப அடிக்குப் போனால், படிந்த கசடுக்குள் நைட்ரஜன் வாயு உண்டாகிறது. படிவுத் தொட்டியில் கசடு வெகுநேரம் கிடக்கிறது என்பதே இதன் பொருள். கசடை ஏரேஷன் தொட்டிக்குத் திருப்பியனுப்பும் குழாயோ, காற்றால் அதை மேலே தூக்கும் ஏர்லிஃப்டோ அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் நிலையத்தில் ஏர்லிஃப்ட் வாயில் சிக்கிய ஒரு பிளாஸ்டிக் பைதான் இரண்டு வாரம் இந்தத் தொல்லையைக் கொடுத்தது. குழாய் சரியாக இருந்தால் திருப்பியனுப்பும் வேகத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். சரிந்த சுவரில் ஒட்டியிருப்பதை நீளத் துடைப்பத்தால் தள்ளிவிடுங்கள்.

*படியவே மாட்டேன் என்கிறது, ஆனால் மேலே உள்ள கொஞ்ச நீர் பளிங்கு போல இருக்கிறது*

இரண்டாவது ஜாடியில் பாதிக் கசடு நீரும் பாதித் தெளிந்த நீரும் கலந்து வையுங்கள். அது சட்டென்று படிந்தால் தொட்டியில் கசடு அளவுக்கு மேல் சேர்ந்திருக்கிறது, வெளியேற்றுங்கள். அதுவும் படியவில்லையென்றால் நூல் போன்ற நுண்ணுயிர்கள் பெருகிவிட்டன. காற்றுக் குறைவு, அழுகிய நிலையில் வரும் கழிவுநீர், இரண்டில் ஒன்று அதற்குத் தீனி போடுகிறது. 3, 4 அறிகுறிகளைத் திரும்பப் பாருங்கள். ஆய்வகத்தில் கசடின் அடர்த்தியை அளந்து வாங்கினால் கணக்கு சுலபம்: 30 நிமிட அளவு 300 மில்லிலிட்டர், அடர்த்தி லிட்டருக்கு 3 கிராம் என்றால், 300-ஐ 3-ஆல் வகுக்க வருவது குறியீடு (ஒரு கிராம் கசடு பிடிக்கும் இடம்), அதாவது 100. 150 வரை கவலையில்லை. 200-ஐத் தாண்டினால் கசடு உப்புகிறது. திருப்பியனுப்பும் கசடில் குளோரின் சேர்ப்பது ஒரு வழிதான், ஆனால் அளவு தவறினால் தொட்டியே செத்துப்போகும். அதை அனுபவமுள்ள நிபுணர் முன்னிலையில் மட்டும் செய்யுங்கள்.

*வேகமாகப் படிகிறது, மேலே உள்ள நீரில் தூசி போன்ற துகள்கள்*

முதிர்ந்த கசடு. மெதுவாக வெளியேற்றத் தொடங்குங்கள். கையோடு பிஹெச் தாளையும் நனைத்துப் பாருங்கள். 6.5-க்குக் கீழே இறங்கியிருந்தால் நீரின் காரத்தன்மை தீர்ந்துகொண்டிருக்கிறது. எவ்வளவு காரம் சேர்ப்பது என்பதை ஆய்வக முடிவைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

*முழுக்கக் கலங்கல், படிவதே இல்லை, நேற்று வரை நன்றாக இருந்தது*

விஷம் வந்திருக்கிறது. ஒரே நாளில் கேன் கேனாக ஊற்றிய பிளீச்சிங் நீர், பூச்சிமருந்து கழுவிய நீர், பெயின்ட் தின்னர். கம்பிச் சல்லடை அருகே நின்று முகர்ந்து பாருங்கள், யார் வீட்டில் என்ன நடந்தது என்று கேளுங்கள். காற்றை நிறுத்தாமல் ஓட்டுங்கள். ஒரு வாரத்தில் தேறாவிட்டால், நன்றாக ஓடும் இன்னொரு நிலையத்திலிருந்து கசடு கொண்டுவந்து விதைக்க வேண்டும். வெளியேறும் நீர் ஆற்றிலோ குளத்திலோ கலக்கிறது என்றால் அன்றைக்கே ஊர் நிர்வாகத்துக்குச் சொல்லிவிடுங்கள். கீழே அந்த நீரைப் புழங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

*ஜாடியில் எல்லாம் அருமை, தொட்டியில் மட்டும் கசடு வழிகிறது*

உயிரியல் பக்கம் போகவே வேண்டாம். வழிந்தோடும் விளிம்பு ஒரு பக்கம் தாழ்ந்திருக்கும், அல்லது பம்ப் ஒரே அடியாக அதிக நீரைத் தள்ளுகிறது. விளிம்பைச் சமன் செய்யுங்கள். பம்பின் வால்வைச் சற்றுக் குறைத்துப் பாருங்கள்.

அறிகுறி 7: மழை பெய்தால் நிலையம் மூழ்குகிறது

மழைநீர் குழாய்க்குள் வருகிறது. மழை விட்ட மறுநாள் அதிகாலை 2 மணியிலிருந்து 4 மணிக்குள் மேன்ஹோல்களைத் திறந்து டார்ச் அடியுங்கள். ஊரே தூங்கும் நேரத்தில் அதில் பெரிதாக ஒன்றும் ஓடக் கூடாது. தெளிந்த நீர் சலசலவென்று ஓடும் வரிசை எது என்று பிடித்து, அது தொடங்கும் மேன்ஹோல் வரை மேலே நடந்தால் இடம் தெரிந்துவிடும். மழை பெய்யும்போது மட்டும் வந்து உடனே நின்றால் மொட்டைமாடிக் குழாயை யாரோ இணைத்திருக்கிறார்கள், அல்லது பள்ளத்தில் உள்ள மூடி வழியாக இறங்குகிறது. மழை நின்றும் நாள்கணக்கில் வந்தால் நிலத்தடி நீர் குழாய் மூட்டில் கசிகிறது. மாடிக் குழாய் இணைப்பைக் கண்டுபிடிக்கக் குழாய்க்குள் புகை விட்டுச் சோதிப்பவரையும், மூட்டுக் கசிவுக்குக் கேமரா விடுபவரையும் அழையுங்கள்.

மழை கொட்டும் அந்த நேரத்தில் கசடு அடித்துக்கொண்டு போகாமலிருக்க, புளோயரை ஒரு மணி நேரம்வரை நிறுத்தி வைக்கலாம். கசடு ஏரேஷன் தொட்டியிலேயே படிந்து நிற்கும். அதற்கு மேல் நிறுத்தாதீர்கள், ஆன் செய்ய மறக்காமலிருக்கக் கைபேசியில் அலாரம் வையுங்கள்.

அறிகுறி 8: குழாய் இணைப்பு இல்லாத வீடுகளில் செப்டிக் டேங்க் அடிக்கடி நிரம்புகிறது

செப்டிக் டேங்கில் நீர் எப்போதும் வெளியேறும் குழாய் மட்டத்தில் நிற்கத்தான் செய்யும், அது நிரம்பியதாக ஆகாது. அதற்கு மேலே ஏறினால்தான் பழுது. ஒரு நீளக் கம்பில் வெள்ளைத் துண்டைச் சுற்றி அடிவரை இறக்கி, சில நிமிடம் வைத்து எடுங்கள். கறை படிந்த உயரம் கசடின் உயரம். அடிக் கசடும் மேல் ஏடும் சேர்ந்து ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கை எட்டினால் லாரியை அழைக்கும் காலம்.

கசடு குறைவாக இருந்தும் மட்டம் ஏறினால், வெளியேறும் இடத்தில் உள்ள 'டி' வடிவக் குழாயை ஏடு அடைத்திருக்கும். அதைத் தள்ளிவிடுங்கள். குழாயே உடைந்து விழுந்திருந்தால் உடனே மாற்றுங்கள், இல்லையென்றால் கொழுப்பு நேராக உறிஞ்சுகுழிக்குப் போய் மண்ணை அடைத்துவிடும்.

லாரி உறிஞ்சிக்கொண்டிருக்கும்போது வெளியேறும் குழாயில் டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கிருந்து நீர் டேங்குக்குள் திரும்பிக் கொட்டினால் உறிஞ்சுகுழி நீரை வாங்குவதை நிறுத்திவிட்டது. எத்தனை முறை உறிஞ்சினாலும் சில நாளில் திரும்ப நிரம்பும். புதுக் குழி போட வேண்டும், அதற்கு மண்ணைச் சோதிக்கத் தெரிந்தவர் வேண்டும். நிலத்தடி நீர் மேலே நிற்கும் மழைக்காலத்தில் பிளாஸ்டிக் டேங்கை முழுக்கக் காலி செய்யாதீர்கள். அடியிலிருந்து நீர் தள்ளி, டேங்கே மண்ணைப் பிளந்துகொண்டு மேலே வந்துவிடும்.

ஆளை அழைக்கும்போது கையில் வைத்திருக்க வேண்டியது

"பம்ப் ஓடலை, சீக்கிரம் வாங்க" என்று மட்டும் சொன்னால் வருபவர் வெறுங்கையோடு வந்து, பார்த்துவிட்டு, உதிரிபாகம் எடுக்கத் திரும்பிப் போவார். அதற்குள் கிணறு நிரம்பிவிடும். பெயர்ப்பலகையைப் படம் எடுத்து அனுப்புங்கள். இன்றைய ஆம்பியர், போன மாத ஆம்பியர், டிரிப் ஆக எத்தனை நொடி எடுத்தது, கடைசியாக எதை மாற்றினீர்கள் என்று சொல்லுங்கள். கசடுச் சிக்கல் என்றால் ஜாடியை 5, 30, 120 நிமிடங்களில் எடுத்த மூன்று படங்களும், பத்து நாள் அளவுகளும் போதும். பாதி விஷயத்தைத் தொலைபேசியிலேயே தீர்த்துவிடுவார்.

நான் இதற்கெல்லாம் ஒரு கோடு போட்ட நோட்டு வைத்திருக்கிறேன். தினமும் காலையில் பம்ப் ஓடிய மணி, ஆம்பியர், காற்றழுத்தம், ஜாடி அளவு, தொட்டியின் நிறம், வாசனை, மழை பெய்ததா என்று ஒரு வரி. எழுத ஐந்து நிமிடம்கூட ஆகாது. ஈரம் படாமல் ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது, பேனாவை நூலில் கட்டி.